சாய்ஸ் ஃபில்லிங்: எக்செல்ல ஒரு காலேஜ் ஜெயிக்குது, வீட்ல யாருக்கும் அது பிடிக்கல

சாத்தூர்_கடை
எல்லாருக்கும் வணக்கம். மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா. கணக்கு 95, இயற்பியல் 91, வேதியியல் 88. கட்-ஆஃப் (கணக்கு முழுசா, மத்த ரெண்டும் பாதியாக் கூட்டி 200க்கு) 184.5. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல எங்க ரவுண்டுக்கு சாய்ஸ் ஃபில்லிங் (வேணும்ங்கற காலேஜ், பிராஞ்சை வரிசையா ஆன்லைன்ல போடறது) திறக்க இன்னும் ஆறு நாள் இருக்கு.

நான் ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். மோட்டார், பைப்பு, பெயின்ட்டு எல்லாம் உண்டு. சரக்கு எடுக்கும்போது நாலு டீலர் கொட்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் ஆர்டர் போடுவேன். அந்தப் பழக்கத்துல இதுக்கும் ஒரு எக்செல் போட்டேன். 14 காலேஜ், எல்லாத்துலயும் சிஎஸ்சி (கம்ப்யூட்டர் சயின்ஸ்), இல்லைன்னா ஐடி. எட்டுக் கட்டம்: ஃபீஸ் 20, பிளேஸ்மென்ட் 20, என்ஐஆர்எஃப் (மத்திய அரசோட காலேஜ் தரவரிசை) 15, வீட்டிலிருந்து தூரம் 15, பேரு 10, பாஸ் சதவீதம் 10, ஹாஸ்டல் 5, கேம்பஸ் 5. ஆக 100. ஒவ்வொரு காலேஜுக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் பத்துக்கு மார்க் போட்டுப் பெருக்கிக் கூட்டினேன்.

முதல்ல வந்தது எங்க ஊர்ல இருந்து காலேஜ் பஸ் போற ஒரு காலேஜ், 702. ரெண்டாவது கோவையில ஒன்னு, 641. (காலேஜ் பேர் போட வேண்டாம்னு மட்டுறுத்துனர் விதி போட்டிருக்கறதால பக்கத்துக் காலேஜ், கோவைக் காலேஜ்னே சொல்றேன்.)

ரிசல்ட்டைக் காட்டினேன். வீட்டுக்காரம்மா ஒன்னும் பேசாம அடுப்படிக்குப் போயிட்டாங்க. மகள் "சரிப்பா"ன்னா. அந்த "சரிப்பா" எனக்குத் தெரியும். ராத்திரி உக்காந்து வெயிட்டேஜை மாத்திப் பார்த்தேன், கோவை மேல வந்துச்சு. இன்னொரு தடவை மாத்தினேன், மதுரையில ஒன்னு வந்துச்சு. அப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இந்த முறையே தப்பா, இல்ல நான் போட்டது தப்பா?

பஜார்_பாண்டி
அண்ணே, 184.5 நல்ல மார்க்கு. பாப்பாவுக்கு வாழ்த்துகள். எக்செல் கிடக்கட்டும், குலதெய்வம் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க.

கணக்கு_வாத்தியார்
தம்பி, முறை தப்பில்லை. தராசு சரியாகத்தான் இருக்கிறது, படிக்கல்லில்தான் கோளாறு.

ஃபீஸுக்கு 20 கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் 14 கல்லூரிகளிலும் கவுன்சிலிங் சீட்டுக்கு டியூஷன் ஃபீஸ் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்து 50,000, அங்கீகாரம் பெற்ற பிராஞ்சாக இருந்தால் 55,000. அதாவது மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே வருஷத்துக்கு 5,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 20,000. இந்த 20,000 ரூபாய் வித்தியாசத்துக்கு, உங்கள் மகளின் பிளேஸ்மென்டுக்குக் கொடுத்த அதே எடையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

பலரும் செய்கிற தவறு இது. "ஃபீஸ் முக்கியமா?" என்று கேட்டால் எல்லோரும் முக்கியம் என்றுதான் சொல்வார்கள். "இந்தப் பட்டியலுக்குள் ஃபீஸ் எவ்வளவு தூரம் வேறுபடுகிறது, அந்த வேறுபாடு எனக்கு எவ்வளவு பெரிது?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாக் கடையிலும் சிமென்ட் ஒரே விலை என்றால், சிமென்ட் விலையைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. சிமென்ட் எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, பிளேஸ்மென்ட், என்ஐஆர்எஃப், பேரு. மூன்றும் பெரும்பாலும் ஒரே சரக்கு. பேர் இருப்பதால் கம்பெனி வருகிறது, கம்பெனி வருவதால் பேர் வருகிறது, என்ஐஆர்எஃப் மதிப்பெண்ணில் இரண்டுக்குமே பங்கு உண்டு. மூன்று பில்லில் எழுதி 45 மார்க் கொடுத்துவிட்டீர்கள்.

வெயிட்டேஜை மாற்றினீர்கள் என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். 702 வந்ததும் ஏன் மாற்றத் தோன்றியது என்று யோசியுங்கள். வந்த விடை மனதுக்கு ஒப்பவில்லை. ஒப்பாததற்கான காரணம் உங்கள் எட்டுக் கட்டத்தில் எதிலும் இல்லை. அந்த ஒன்பதாவது கட்டம் எது?

சாத்தூர்_கடை
சார், சிமென்ட் உதாரணம் நேரா வந்து நெஞ்சுல பட்டுச்சு. 50,000க்குப் பத்து மார்க்கும் 55,000க்கு மூணு மார்க்கும் போட்டிருந்தேன். ஏழு மார்க் வித்தியாசம், 20ஆல பெருக்கினா 140. மொத்தத்துல பக்கத்துக் காலேஜ் ஜெயிச்சதே 61ல தான்! ஃபீஸுக்கு 20க்குப் பதிலா 2 போட்டேன், மீதி 18ஐ வேற எங்கயும் சேர்க்கல. கோவை 65 மார்க் முன்னால போயிருச்சு.

ஆனா காசு முக்கியமில்லைன்னு எப்படி விட முடியும்? கோவைன்னா ஹாஸ்டல், மெஸ், போக்குவரத்து இருக்கே.

கணக்கு_வாத்தியார்
விடச் சொல்லவில்லை. காசு எங்கே வேறுபடுகிறதோ அங்கே வையுங்கள் என்கிறேன். ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், பஸ், ஊருக்கு வந்துபோவது எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் ரூபாயாகவே எழுதுங்கள். மார்க்காக மாற்ற வேண்டாம். பத்துக்கு எத்தனை என்பது மாயம். ரூபாய் உங்களுக்குப் பழகிய பாஷை.

பஜார்_பாண்டி
//ரூபாய் உங்களுக்குப் பழகிய பாஷை// வாத்தியார் அண்ணனை நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கார்.

வடகரை_தங்கம்
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். இந்த மார்க்கு, வெயிட்டேஜு எல்லாம் எனக்கு ஒத்துவராது. 2006ல நான் கிண்டிக்கு நேர்ல கவுன்சிலிங் போனவன். இப்ப மாதிரி வீட்ல இருந்து போடுறது கிடையாது. அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறிப் போனோம். வெளிய திரையில ஒவ்வொரு காலேஜுக்கும் காலியிடம் குறைஞ்சுகிட்டே வரும். உள்ள கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சா அஞ்சாறு நிமிஷம்தான். நான் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) எடுக்கணும்னு நினைச்சுப் போனேன், எடுத்தது மெக்கானிக்கல். ஏன் எடுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா நல்லாத்தான் இருக்கேன். மனசு சொல்றதைக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதான். எட்டுக் கட்டம் போட்டவன் எவனும் எட்டு மடங்கு நல்லா இருக்கிறதா நான் பார்க்கல.

மீனாள்_பெங்களூர்
தங்கம் அண்ணே, நல்லா இருக்கீங்க, சந்தோஷம். ஆனா அது மெக்கானிக்கலால வந்துச்சா, உங்களால வந்துச்சான்னு நமக்குத் தெரியாதே. சுமாரா எடுத்த முடிவும் நல்லபடியா முடியும், பார்த்துப் பார்த்து எடுத்ததும் கெட்டுப் போகும். முடிஞ்சதை வச்சு முறைக்கு மார்க் போடக் கூடாது.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில கேம்பஸ் ஆள் எடுப்புல இருக்கேன். சாத்தூர் அண்ணனோட பிளேஸ்மென்ட் கட்டத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், அதுலதான் ஏமாத்து அதிகம்.

பேனர்ல இருக்கற "அதிகபட்ச சம்பளம்" ஒரே ஒரு பிள்ளையோட கதை. அதைத் தூக்கிப் போடுங்க. "95 சதவீதம் பிளேஸ்மென்ட்"னா எதுல 95? சேர்ந்த பிள்ளைங்கள்லயா, அரியர் இல்லாம வந்து பேர் பதிஞ்சவங்கள்லயா? 120 பேர் சேர்ந்து, 60 பேர் பதிஞ்சு, 57 பேருக்குக் கிடைச்சாலும் 95 தான். நேராக் கேட்டா பதில் வராது, ஆனா ஒரு வழி இருக்கு. என்ஐஆர்எஃப்ல கலந்துக்கற காலேஜ் தன்னோட தகவலை வெப்சைட்லயே போடணும். கீழ எங்கயாவது என்ஐஆர்எஃப்னு ஒரு லிங்க் இருக்கும். அதுல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் நேரத்துல முடிச்சாங்க, எத்தனை பேர் வேலைக்கு, எத்தனை பேர் மேல்படிப்புக்கு, மீடியன் சம்பளம் எவ்வளவுன்னு வருஷ வாரியா இருக்கும். மீடியன்னா எல்லாரையும் சம்பள வரிசையில நிறுத்தினா நடுவுல நிக்கற பிள்ளைக்கு என்ன கிடைச்சதுன்னு அர்த்தம். உங்க பொண்ணு பேனர்ல இருக்கப் போறதை விட அந்த நடுவுல நிக்கத்தான் வாய்ப்பு அதிகம். தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார் பிள்ளைக்கும் அதே கணக்குதான்.

பாஸ் சதவீதக் கட்டத்துலயும் ஒரு குழி இருக்கு. அண்ணா யுனிவர்சிட்டி வெளியிடற பட்டியல்ல, யுனிவர்சிட்டி நடத்தற பரீட்சையை எழுதற காலேஜ்தான் இருக்கும். அட்டானமஸ் காலேஜ் தானே கேள்வித்தாள் போட்டுத் தானே திருத்துது. அது 92ன்னு சொல்றதையும் இது 61ன்னு வந்ததையும் ஒரே கட்டத்துல வச்சா தக்காளியையும் தார்ச்சீட்டையும் ஒப்பிடுற மாதிரி.

புது பேர்ல வந்த பிராஞ்சுகளுக்கு இன்னொன்னு. இன்னும் ஒரு செட்டு கூட வெளிய வரலைன்னா, அவங்க காட்டற பிளேஸ்மென்ட் பக்கத்து பிராஞ்சோடது.

வடகரை_தங்கம்
தார்ச்சீட்டு 😀 சரிம்மா, ஒத்துக்கறேன். ஆனா நான் வேற ஒன்னு கேக்கணும், பெறகு வர்றேன்.

பழைய_மாணவன்_19
அங்கிள், எக்செல்லை விட முக்கியமானது நீங்க அதை எந்த ஆர்டர்ல போடப் போறீங்கன்றது. 2019ல நான் செஞ்ச தப்பு இது.

பிரவுசிங் சென்டர்ல போட்டோம். அங்க இருந்தவர் "தம்பி, கிடைக்காத காலேஜை மேல போட்டா சாய்ஸ் வீணாப் போகும். போன வருஷ கட்-ஆஃபைப் பார்த்து, கிடைக்கறதை மேல போடு"ன்னார். எனக்கு ஒரு காலேஜ் மேல ஆசை, ஆனா போன வருஷம் என் கட்-ஆஃபை விட ஒரு மார்க் மேலயே முடிஞ்சிருந்துச்சு. அதை நாலாவதாப் போட்டேன். முதல் சாய்ஸே கிடைச்சுது. எல்லாரும் கை கொடுத்தாங்க. அப்புறம் பார்த்தா, எனக்கு 300 ரேங்க் பின்னால இருந்த என் ஃப்ரெண்டு நான் ஆசைப்பட்ட காலேஜுக்கே போயிட்டான், அதே பிராஞ்ச், அதே கம்யூனிட்டி. அப்வர்ட் (பட்டியல்ல மேல இருக்கற சாய்ஸுக்கு மாறறது) கேக்கலாம்னு பார்த்தா, என்னோடதுக்கு மேல சாய்ஸே இல்லையே! அது கீழ நாலாவதுல கிடந்துச்சு.

முதல் சாய்ஸ் கிடைச்சும் அழுதவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

சாத்தூர்_கடை
தம்பி, நானும் அதேதான் செய்யறதா இருந்தேன். எங்க ஊர் சென்டர்லயும் அப்படித்தான் சொன்னாங்க. கிடைக்கறதை மேல, ஆசைப்படறதைக் கீழ. அது தப்பா?

உதவி_மையம்_தன்னார்வலர்
தப்பு. ஒவ்வொரு வருஷமும் டிஎஃப்சியில (கவுன்சிலிங் உதவி மையம்) இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை போகுது.

ரவுண்டுல கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில வரும். உங்க பொண்ணு முறை வரும்போது அவ பட்டியலை மேல இருந்து கீழ பார்க்கும். முதல் சாய்ஸ்ல பொதுப் பிரிவுலயோ அவ கம்யூனிட்டியிலயோ இடம் இருக்கா? இருந்தா அது. இல்லைன்னா ரெண்டாவது. அப்படியே கீழ. முதல் நாலும் கிடைக்கலைன்னா அஞ்சாவதுக்கு அவ முன்னுரிமை குறையாது. அவளுக்குப் பின்னால இருக்கறவன் அதை முதல் சாய்ஸாப் போட்டிருந்தாலும் அவளுக்குத்தான் முதல்ல. சாய்ஸ் எத்தனை வேணும்னாலும் போடலாம். வீணாப் போறதுன்னு ஒன்னு கிடையாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏத்துக்கறீங்களா, ஏத்துக்கிட்டு அப்வர்டா, வேண்டாமான்னு கேக்கும். அப்வர்டுன்னா உங்க பட்டியல்ல கிடைச்சதுக்கு மேல இருக்கறது மட்டும்தான். ஏழாவது கிடைச்சா ஒன்னுல இருந்து ஆறு வரை. மேல போனா பழைய சீட்டு தானாப் போயிரும். அப்வர்டுக்குப் பணத்தை டிஎஃப்சியிலதான் கட்டணும், காலேஜ்ல இல்ல. கொடுத்த கெடுவுக்குள்ள.

பாஸ்வேர்டை சென்டர்ல யாருக்கும் கொடுக்காதீங்க.

பொண்ணு அரசுப் பள்ளியா? ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளின்னா 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு.

சாத்தூர்_கடை
அரசு உதவி பெறும் பள்ளி சார். தமிழ் மீடியம், ஆறாவதுல இருந்து.

உதவி_மையம்_தன்னார்வலர்
7.5 வராது. ஆனா அரசோட புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். 2024-25ல இருந்து உதவி பெறும் பள்ளி தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் நீட்டியிருக்காங்க. காலேஜ் சேர்ந்ததும் கேளுங்க.

கணக்கு_வாத்தியார்
அந்த பிரவுசிங் சென்டர்க்காரர் முட்டாள் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரியாக இருக்கும் ஊர் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பள்ளிச் சேர்க்கையில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே முதலில் இடம் கொடுத்தார்கள். மீதி இருந்தால்தான் இரண்டாவதாகப் போட்டவர்களுக்கு. அங்கே கிடைக்காத பள்ளியை முதலில் போட்டால் உண்மையிலேயே சாய்ஸ் வீண். விவரம் தெரிந்த பெற்றோர் மனதில் இருப்பதை மறைத்து, கிடைப்பதை மேலே போட்டுத் தப்பித்தார்கள். விவரம் தெரியாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர்கள் எடுத்துச் சொல்லி, 2005இல் அந்த முறையையே மாற்றினார்கள். அதில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012இல் லாயிட் ஷேப்லியோடு சேர்த்து நோபல் கிடைத்தது. ஷேப்லி 1962லேயே டேவிட் கேலுடன் சேர்ந்து கல்லூரிச் சேர்க்கைக் கணக்கைப் போட்டு வைத்தவர்.

நம்முடைய கவுன்சிலிங் ரேங்க் வரிசையில் நடப்பது. ஒரு ரவுண்டுக்குள் மனதில் இருப்பதை உள்ளபடியே வரிசையாக எழுதுவதை விட நல்ல உத்தி எதுவும் இல்லை. எனவே தம்பி, உங்களுக்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எது வேண்டும்? எது கிடைக்கும்? இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்ப வேண்டாம். வரிசையைத் தீர்மானிப்பது முதல் கேள்வி மட்டும்தான்.

பழைய_மாணவன்_19
சார், அப்ப போன வருஷ கட்-ஆஃப் பார்க்கவே வேண்டாமா?

கணக்கு_வாத்தியார்
பார்க்க வேண்டும். பட்டியல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அது சொல்லும். 184.5க்குக் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிகிற இடங்கள் பட்டியலின் அடியில் குறைந்தது நாலைந்து இருக்க வேண்டும். கட்-ஆஃபை விட ரேங்க்கைப் பாருங்கள். கணக்குத்தாள் எளிதாக வந்த வருஷத்தில் 184.5க்குப் பின்னால் இருந்த கூட்டம் வேறு, கடினமாக வந்த வருஷத்தில் வேறு.

மீனாள்_பெங்களூர்
எங்க நிறுத்தணும்றதும் முக்கியம். "இதுக்குக் கீழ கிடைச்சா சேர மாட்டேன், வேற ஏதாவது படிப்பேன்"னு ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழ எதையும் போடாதீங்க. போட்டா கிடைச்சிரும்.

வடகரை_தங்கம்
வந்துட்டேன். வாத்தியார் ஒன்பதாவது கட்டம் எதுன்னு கேட்டார், யாரும் பதில் சொல்லல. நான் எட்டுக் கட்டம் போடாத ஆள், அதனால இதைக் கேக்கறேன். சாத்தூர் அண்ணே, அந்த எட்டுல எந்தக் கட்டத்துக்கு பாப்பா மார்க் போட்டுச்சு?

(இரண்டு நாள் கழித்து)

சாத்தூர்_கடை
தங்கம் தம்பி கேட்டதுக்கு நான் உடனே பதில் எழுதல, எழுத முடியல. எதுக்கும் அவ மார்க் போடல. நான்தான் எல்லாத்தையும் போட்டேன். படிக்கப் போறது அவ.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்றேன். அதே எக்செல்லை மார்க்கை அழிச்சுட்டு அவகிட்டக் கொடுத்தேன். நான் போட்டதைப் பார்க்காம போடுன்னேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சோம். அஞ்சு கட்டத்துல பெருசா வித்தியாசம் இல்ல. தூரம் கட்டத்துல நான் பக்கத்துக் காலேஜுக்குப் பத்து, கோவைக்கு ரெண்டு போட்டிருந்தேன். அவ பக்கத்துக் காலேஜுக்கு ரெண்டு, கோவைக்கு ஒன்பது.

நான் முதல்ல தப்பாப் போட்டுட்டான்னு நினைச்சேன். "பாப்பா, பக்கம்னா மார்க் ஜாஸ்தி"ன்னேன். "தெரியும்ப்பா. தூரம்னாதான் எனக்கு ஜாஸ்தி"ன்னா. அவ அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆச்சு.

கணக்கு_வாத்தியார்
நாற்பது வருஷம் பாடம் நடத்தினேன். ஒரே கட்டத்துக்கு ஒருவர் கூட்டல் குறியும் இன்னொருவர் கழித்தல் குறியும் போட்டு, இருவரும் அதை "தூரம்" என்றே அழைத்த கதையை இன்றுதான் கேட்கிறேன். எடை எவ்வளவு என்று நாம் ஆறு பதிவாகப் பேசியிருக்கிறோம்!

1772இல் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு இதே தவிப்பு. லீட்ஸில் பாதிரியாராக இருந்தவரை ஷெல்பர்ன் பிரபு தன் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள அழைத்தார். போகலாமா வேண்டாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு எழுதிக் கேட்டார். பிராங்க்ளின், எனக்கு உங்கள் நிலவரம் போதுமான அளவு தெரியாது, அதனால் எதை என்று சொல்ல மாட்டேன், எப்படி என்று மட்டும் சொல்கிறேன் என்று எழுதினார். தாளை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். ஒரே மூச்சில் எழுதாமல் மூன்று நாலு நாள் தோன்றத் தோன்ற எழுதுவது. பிறகு இந்தப் பக்கத்து ஒன்று அந்தப் பக்கத்து இரண்டுக்குச் சமம் என்றால் மூன்றையும் அடித்துவிடுவது. அடிபடாமல் மிஞ்சுவதைப் பார்ப்பது. பிரீஸ்ட்லி 1773இல் வேலையை ஏற்றார், அங்கே இருக்கும்போது 1774இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார் என்பது பள்ளியில் நான் வழக்கமாகச் சொல்கிற வால். (மீனாள் அம்மா சொன்னபடி, அதை வைத்து முறைக்கு மார்க் போடக் கூடாதுதான்.)

எனக்குப் பிடித்தது அந்த மூன்று நாலு நாள். ஒரு நாளைக்குத் தோன்றுவது அன்றைய மனநிலை. உங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இன்னொரு தாள் கொடுங்கள், கட்டமே இல்லாமல்.

மீனாள்_பெங்களூர்
கட்டம் இல்லாத தாள்ல இதைக் கேளுங்க. கேரி கிளெய்ன்னு ஒரு உளவியலாளர் சொன்ன முறை, எங்க டீம்ல ஒவ்வொரு புராஜெக்டுக்கும் செய்வோம். நாலு வருஷம் கழிச்சு நிக்கறோம்னு வச்சுக்கோங்க. காலேஜ் முடிவு பாழாப் போச்சு. "போகலாம்" இல்ல, போயே போச்சு. ஏன் போச்சுன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதணும், பேசிக்கக் கூடாது. "என்ன தப்பு நடக்கலாம்"னு கேட்டா எல்லாரும் நல்ல பிள்ளையா இருப்பாங்க. நடந்துருச்சுன்னு சொல்லிட்டுக் கேட்டா வாய் திறக்கும்.

சாத்தூர்_கடை
இது மகள் எழுதினது. அவளே டைப் பண்றா.

வணக்கம். அப்பா ஐடியில எழுதறேன். மூணு பேரும் தனித்தனியா எழுதினோம். அம்மா எழுதினது ஒரே வரி, "ஹாஸ்டல்ல சாப்பாடு ஒத்துக்காம இளைச்சுப் போய் ஊர் திரும்பிட்டா." அப்பா எழுதினது, "வேலை கிடைக்கல, கடன் மட்டும் மிச்சம்."

நான் எழுதினது: "சிஎஸ்சி பிடிக்கல. சொல்ல பயமா இருந்துச்சு. மூணாவது செமஸ்டர்ல இருந்து அரியர்."

இதை அப்பா படிச்சதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "சிஎஸ்சி வேண்டாம்னா வேற எது?"ன்னார். எனக்கு இஇஇ (எலெக்ட்ரிக்கல்). ஞாயித்துக்கிழமை கடையில நான்தான் மோட்டார் பக்கம் நிப்பேன். சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, கிணறு எத்தனை அடி, எத்தனை எச்பி போடணும், ஸ்டார்டர் எதுன்னு வர்றவங்களுக்கு நான்தான் சொல்றேன். அப்பா அதைக் கடை வேலைன்னு நினைச்சுட்டு இருந்திருக்கார்.

அந்த 14 காலேஜும் சிஎஸ்சி, ஐடி மட்டும். இஇஇ அந்த எக்செல்லுக்குள்ளயே இல்ல. வெயிட்டேஜை எப்படி மாத்தினாலும் அது மேல வந்திருக்காது.

வடகரை_தங்கம்
அடடா. நல்லாப் போட்டீங்க பாப்பா.

மீனாள்_பெங்களூர்
கடைசி ரெண்டு வரியை நான் ஆபீஸ்ல ஒட்டி வைக்கப் போறேன். தாள்ல இல்லாததை எந்தக் கணக்கும் எடுக்காது.

இஇஇன்னா உங்களுக்கு இன்னொரு லாபம். பொதுவா சிஎஸ்சி முடியற இடத்தை விட இஇஇ கீழதான் முடியும். சிஎஸ்சிக்கு எட்டாதுன்னு அப்பா விட்ட காலேஜ் எல்லாம் திரும்ப எடுத்துப் பாருங்க. அட்டானமஸ் இல்லாத காலேஜ்ல சிலபஸ் எல்லாம் ஒன்னு, அண்ணா யுனிவர்சிட்டி போட்டதுதான். மூணாவது, நாலாவது செமஸ்டர் பாடத் தலைப்புகளை ஒரு தடவை படிங்க. படிச்சும் ஆசை குறையலைன்னா சரி.

சாத்தூர்_கடை
(மகள்தான்) படிச்சேன். எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் இருக்கு. குறையல.

பஜார்_பாண்டி
அண்ணே, நம்ம கடைக்கு ஒரு இன்ஜினியர் ஓசியில வேலை பார்த்துட்டு இருந்திருக்கு.

சாத்தூர்_கடை
இன்னைக்கு சாய்ஸ் போட்டு முடிச்சோம். நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன், பின்னால வர்றவங்களுக்கு உதவும்.

புதுசா 31 காலேஜ் எடுத்தோம். காசைத் தனிக் கட்டத்துல ரூபாயாவே போட்டோம். கோவைன்னா ஹாஸ்டல், மெஸ், பயணம் எல்லாம் சேர்த்து பக்கத்துக் காலேஜை விட நாலு வருஷத்துக்கு மூணு லட்சம் கூட வருது. வாத்தியார் சொன்ன மாதிரி இதுக்கு மார்க் போடல. நேராக் கேட்டுக்கிட்டேன்: பக்கத்துக் காலேஜ் சரக்கு இது, கோவைக் காலேஜ் சரக்கு அது, மூணு லட்சம் மேல கொடுத்து எடுப்பியா? டீலர்கிட்ட கேக்கற மாதிரி கேட்டதும் அரை நிமிஷத்துல பதில் வந்துருச்சு. கோவையில முதல் மூணுக்கு எடுப்பேன். நாலாவதா இருந்த காலேஜுக்கு எடுக்க மாட்டேன், மதுரையிலயே அதை விட நல்லதா ரெண்டு இருக்கு.

வீட்ல ஒரு சண்டையும் நடந்துச்சு. அவ அம்மா பக்கத்துக் காலேஜ் இஇஇயை அஞ்சாவதாப் போடச் சொன்னாங்க. அவ பட்டியல்லயே வேண்டாம்னா. கடைசியில 19வது. அதுக்கு மேல இருக்கற பதினெட்டும் அவ வரிசை, நான் ஒன்னையும் நகர்த்தல. 19க்குக் கீழ எதுவும் போடல. அதுவும் கிடைக்கலைன்னா பி.எஸ்சி. இயற்பியல், அதுக்கு ஏற்கெனவே அட்மிஷன் போட்டு வச்சிருக்கா. முதல் சாய்ஸ் போன வருஷம் எங்களுக்கு எட்டாத இடம்தான். இருக்கட்டும்னு மேலேயே விட்டாச்சு. சென்டர்க்காரர்கிட்ட போகல, கடை கம்ப்யூட்டர்லயே போட்டோம்.

(நான்கு நாள் கழித்து)

சாத்தூர்_கடை
மூணாவது சாய்ஸ் வந்திருக்கு. கோவை, இஇஇ. அக்செப்ட் அண்ட் அப்வர்ட் கொடுத்துட்டோம். நாளைக்கு டிஎஃப்சி போறோம்.

பழைய_மாணவன்_19
வாழ்த்துகள் அங்கிள். மேல இன்னும் ரெண்டு சாய்ஸ் இருக்கு பாருங்க. எனக்கு அதுதான் பொறாமை.

உதவி_மையம்_தன்னார்வலர்
ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டுப் போங்க. கடைசி நாள் வரை காத்திருக்காதீங்க.

மீனாள்_பெங்களூர்
வாழ்த்துகள் பாப்பா. அம்மாகிட்ட சொல்லுங்க, கோவையில சாப்பாட்டுக்குக் குறையில்ல. மெஸ்ஸுக்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

பஜார்_பாண்டி
ஹாஸ்டலுக்கு பக்கெட்டு, மக்கு, பூட்டு எல்லாம் நம்ம கடையிலயே எடுத்துக்கலாமே அண்ணே.

சாத்தூர்_கடை
பூட்டு எடுத்து வச்சாச்சு. மூணு சாவி. ஒன்னு அவ அம்மா கேக்கறாங்க, கோவையில இருக்கற பெட்டிக்கு சாத்தூர்ல எதுக்குச் சாவின்னு நானும் கேட்டுப் பார்த்துட்டேன்.